இரண்டு அடையாளம் வேண்டும்

பழைய இரும்பு எதையும் அவர் முதலில் கையில் வாங்கமாட்டார். "கீழ வைங்க" என்பார். கொண்டுவந்தவர் வைத்ததும் அதைச் சுற்றி ஒரு நடை நடப்பார். குத்தவைத்து உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்ப்பார். எழுந்து மறுபக்கம் போய் அங்கேயும் குத்தவைப்பார். பெண் பார்க்க வந்த வீட்டார்கூட அவ்வளவு நேரம் பார்க்கமாட்டார்கள். கடைசியில்தான் தொடுவார். தொட்டுவிட்டால் பேர் சொல்லிவிடுவார்.

"கனடாக்காரி. எட்டு பிஸ்டன். தண்ணி பம்பு. இவளுக்கு ரெண்டு பம்பு உண்டும், இது இடது கைப் பக்கத்துது."

கொண்டுவந்தவர் அதைக் கிணற்று மோட்டாரில் உள்ளது என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

இரண்டாம் உலக யுத்தத்துக்காகக் கப்பலில் வந்த ராணுவ லாரிகள், யுத்தம் முடிந்ததும் ஏலத்துக்கு வந்தன. 'டிஸ்போசல் வண்டி' என்று பேர். மர வியாபாரிகள் வாங்கினார்கள். நான் சொல்லும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருநெல்வேலிப் பக்கத்து மரவாடிகளில் அவற்றில் சில இன்னும் மரத்தடிகளைத் தூக்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் புதுச் சாமான் எங்கும் கிடைக்காது. ஏரல், வள்ளியூர் என்று ஊர் ஊராகப் போய், பழைய இரும்புக் கடைகளிலும் தோட்டங்களிலும் தேடி எடுத்துவருவதுதான் அவர் பிழைப்பு. ஊரில் எல்லோருக்கும் அவர் டிஸ்போசல் அண்ணாச்சி. அவர் பேரை இங்கே எழுதவில்லை. எழுதினால், "எதுக்கு டீச்சர், ஆளப் பாத்தா தெரியாதா" என்பார்.

வண்ணார்பேட்டையில் ஐந்து வீடுகள் கொண்ட ஒரு வளவில் நாங்கள் குடியிருந்தோம். எங்கள் வீட்டுக்கு அடுத்தது அண்ணாச்சி வீடு. பின்சுவருக்கு அந்தப் பக்கம் மரவாடி. நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர். என் கணவருக்கு நாகர்கோவிலில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். மகளுக்கு அப்போது ஆறு வயது. வாரத்தில் ஐந்து நாள் அவளைத் தனியாகக் காவல் காக்கிற நான், ரோட்டில் சைக்கிள் மணி அடித்தாலே அவள் கையைப் பிடித்து இழுக்கிற ரகம். இன்றைக்கும் அப்படித்தான்.

அண்ணாச்சிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. வெள்ளை அரைக்கைச் சட்டை. நெற்றியில் தினமும் திருநீறு பூசுவார். ஆனால் பூசுகிற விரலில் கிரீஸ் இருப்பதால் மூன்று பட்டையும் பத்து மணிக்குள் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். சட்டைப் பையில் ஒரு சின்ன டார்ச்சு. அரைஞாணில் ஓர் ஓட்டைக் காலணா. இரும்பின் மேலிருக்கும் பெயிண்டையும் துருவையும் சுரண்டிப் பார்ப்பதற்கு அந்தக் காலணா.

"செம்பு மிச்சம் பிடிக்கணும்னு நடுவுல ஓட்டை போட்டு அடிச்ச காசு டீச்சர். இவனும் யுத்தத்து ஆளுதான். அந்த லாரிக வயசுக்காரன சுரண்ட விட்டாத்தான் அவுக வாயத் தொறப்பாக."

அவருக்கு லாரிகள் எல்லாம் மனிதர்கள். முகம் சப்பையாக, முன்கண்ணாடியின் மேல்விளிம்பு முன்னால் சாய்ந்து நின்றால் கனடாக்காரி. மேலே பறக்கிற விமானத்துக்குக் கண்ணாடி மின்னிக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அப்படிச் செய்தார்களாம். "எவன் பாத்தாலும் தல குனிஞ்சிக்கிடுவா" என்பார். ஸ்டீரிங் இடதுபக்கம் இருந்து பத்துச் சக்கரமும் இருந்தால் அமெரிக்காக்காரன். கனடாக்காரிகளிலும் அக்கா தங்கச்சி என்று இரண்டு பேர். அக்காளுக்கு எட்டு பிஸ்டன், தங்கச்சிக்கு ஆறு.

"மொகம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோல இருக்கும். ஆனா தங்கச்சி சாமான அக்காளுக்கு மாட்டிப் பாருங்க. ஒரு மைல் போவும். பொறவு நடு ரோட்டுல சண்ட போட்டுக்கிட்டு நிப்பா."

ஒருநாள் காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருக்கும்போது அடுக்களை வாசலில் வந்து நின்றார். "டீச்சர், இட்லிக் கொப்பரையக் கொஞ்சம் தாங்க. ஒடச்ச தேங்காயும் ரெண்டு மூடி வேணும்." ஏதோ விசேஷம் என்று எடுத்துக் கொடுத்தேன். முற்றத்தில் வாடி முதலாளி நின்றுகொண்டிருந்தார். அண்ணாச்சி கொப்பரையைக் கவிழ்த்துவைத்து, அதன் பக்கத்தில் இரண்டு தேங்காய் மூடிகளையும் முழுத் தேங்காய்போல ஒட்டிவைத்தார்.

"முதலாளி, பத்துச் சக்கரத்தானுக்குப் பின்னச்சு ரெண்டு வகை. ஒண்ணு இந்தக் கொப்பர. ஒரே வார்ப்பு, பொறத்தால மூடி. இன்னொண்ணு இந்தத் தேங்கா. ரெண்டு பாதி, சுத்தி நட்டு. நம்மகிட்ட இருக்கது தேங்கா. நீங்க தெங்காசியில ரூவா குடுத்து வாங்கியாந்து போட்டிருக்கது கொப்பர. தேங்காய்க்கு மூடி போட முடியுமா?"

"அவன் சத்தியம் பண்ணிக் குடுத்தாம்வே, நம்ம வண்டிக்குச் சேரும்னு" என்றார் முதலாளி.

"எத்தன அடையாளம் பாத்திய?"

"நம்பர் அடிச்சிருந்தது."

"நம்பரு ஒண்ணு. ரெண்டாவது?"

அன்று எங்கள் வீட்டில் தேங்காய்ச் சட்னி கருப்பாக இருந்தது.

அவருடைய எல்லாப் பேச்சும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். இரண்டு அடையாளம் வேண்டும். நம்பரை வெட்டி ஒட்டுவார்கள், பெயிண்டை மாற்றுவார்கள், ஒடிந்ததைப் பற்றவைத்து வேறொன்றாக்குவார்கள். "ஒத்த அடையாளம் பொய் சொல்லும் டீச்சர். ரெண்டு பேரு சேந்து ஒரே பொய்யச் சொல்லுதது கஷ்டம்." இரண்டாவது அடையாளம் கிடைக்காவிட்டால், கூடியிருப்பவர்கள் முன்னால் கொஞ்சமும் கூச்சப்படாமல், "தெரியாது" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரியும். இன்னும் ஓர் ஆள் பாக்கி இருக்கிறான் என்ற மலர்ச்சி.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சர்டிபிகேட் வருவதற்கு முன்னால், ஒவ்வொருத்திக்கும் இரண்டு அங்க அடையாளம் குறித்து அனுப்பவேண்டும் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் அவரிடம் சொன்னேன். கழுத்தில் மச்சம், புருவத்தில் தழும்பு என்று நாங்கள் எழுதுவதையும் சொன்னேன். கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ரெண்டா கேக்கான்?"

"ரெண்டுதான் அண்ணாச்சி."

"சர்க்காருக்கே தெரிஞ்சிருக்கு பாத்தியளா." அதற்குப் பிறகு ஒரு வாரம் வாடிக்கு வந்தவர்கள் போனவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மனிதர்களிடமும் இந்தச் சட்டம் செல்லும். ஒருநாள் நான் பள்ளியிலிருந்து வர, வளவு வாசலில் என் கொழுந்தனார் பையும் கையுமாக வெயிலில் நின்றார். வள்ளியூரிலிருந்து வந்தவர். எதிரே அண்ணாச்சி படியில் உட்கார்ந்திருந்தார். "அவுக தம்பிங்காரு டீச்சர். மூக்கு அவுக மூக்குதான், அது ஒண்ணாச்சி. ரெண்டாவதுக்காகக் காத்திருக்கேன்." நான் வாயைத் திறப்பதற்குள் கொழுந்தனார், "காப்பி கீப்பி ஒண்ணும் வேண்டாம் மதினி, கொஞ்சம் வெந்நி மட்டும் தாங்க" என்றார். என் கணவரும் வெளியே போய் வந்தால் வெந்நீர்தான் கேட்பார். அண்ணாச்சி எழுந்து வழிவிட்டார். "உள்ள போங்க தம்பி. ரெண்டும் சேந்துட்டு."

இந்தக் குணத்தால் அவர் இழந்ததும் உண்டு. வாடி லாரியின் கியர்ப்பெட்டிக்கு ஒரு மூடி தேவைப்பட்டது. ஆறு மாதமாகக் கிடைக்கவில்லை. கடைசியில் ஆழ்வார்திருநகரியில் ஒரு பெரிய வீட்டில், நார்த்தங்காய்ப் பரணியின் மேல் பாரத்துக்கு வைத்திருந்ததைக் கண்டுபிடித்தார். அந்த வீட்டுப் பெரியவர், அது தன் தாத்தா ஓட்டிய சீமைக் காரில் உள்ளது, ஞாபகத்துக்காக வைத்திருக்கிறோம், ஆனால் மதிப்புத் தெரிந்தவர் என்றால் தருகிறேன் என்றிருக்கிறார். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் மூடி கைக்கு வந்திருக்கும். அண்ணாச்சி இரண்டு பக்கமும் குத்தவைத்துப் பார்த்துவிட்டு, "அய்யா, இது காரு இல்ல. பத்துச் சக்கரத்து லாரி. உங்க தாத்தா காலத்துல இது பொறக்கவே இல்ல" என்றிருக்கிறார். பெரியவர் வெளியே போகச் சொல்லிவிட்டார்.

"ஆமான்னு சொல்லிட்டு வாங்கிட்டு வாரதுக்கென்னவே?" என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் ஆமான்னா அது காராயிருமா?"

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெரியவரே பஸ்ஸேறி வளவுக்கு வந்தார். பேப்பரில் சுற்றிய மூடியை அண்ணாச்சி முன்னால் வைத்தார். வளவு முழுக்க நார்த்தங்காய் வாசனை. "எங்க அத்தகிட்ட கேட்டேன். தாத்தாவுக்குக் காரே கெடையாதாம். மாட்டு வண்டிதானாம்" என்றார். வருத்தமாகச் சொல்லத்தான் தொடங்கினார். முடிக்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இனி சிவப்பு நட்டுக் கதை. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

வாடி லாரி ஒரே லாரி இல்லை. முகம் கனடாக்காரி, பின்பாதி அமெரிக்காக்காரன், எஞ்சின் நம் ஊர் டீசல். முன்சக்கரங்களுக்கு வாடியில் இரண்டு வகையும் கிடந்தன, மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஒரு வகை சாதாரணம். இன்னொரு வகை கனடாக்காரியோடு வந்தது. ஒருநாள் அண்ணாச்சி அதை எனக்குக் காட்டினார். என் மகளும் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது பாக்கத்தான் ஒரு வீலு டீச்சர். நெசத்துல ரெண்டு தட்டு. எதிரெதிரா வச்சி நட்டு போட்டு இறுக்கியிருக்கான். நடுவுல டயரு. உள்வட்டத்து நட்டக் கழத்தினா வீலு வண்டிய விட்டு வரும், ஒண்ணும் பண்ணாது. ஓரத்து நட்டு இருக்கு பாருங்க, அது ரெண்டு தட்டையும் பிடிச்சிக்கிட்டு இருக்கது. காத்து இருக்கையில அதக் கழத்தினா, தட்டு பிச்சிக்கிட்டு வரும். எதுக்க நிக்கவன் அம்புட்டுதான். அதுனால ராணுவத்துல ஓரத்து நட்டுக்கு மட்டும் சிவப்பு அடிச்சி விட்டிருக்கான்."

ராணுவம் அடித்த சிவப்பு எப்போதோ போய்விட்டது. வருஷா வருஷம் அண்ணாச்சிதான் அடிப்பார். பெயிண்ட் டப்பா வாங்கினால் மிச்சம் காய்ந்து வீணாகிறது என்று ஜங்ஷன் பக்கம் ஒரு பேன்சி ஸ்டோரில் நகப்பாலிஷ் வாங்குவார். அதிலேயே பிரஷ்ஷும் இருக்கிறது என்பது அவருக்குப் பெரிய சந்தோஷம்.

அந்தப் புட்டி ஒருநாள் சட்டையைத் துவைக்க எடுத்த மதினியின் கையில் சிக்கியது. அண்ணாச்சியின் மனைவியை வளவில் நாங்கள் எல்லோரும் மதினி என்போம். அமைதியான பெண். அன்று குரல் ஐந்து வீட்டுக்கும் கேட்டது.

"யாருக்கு இது?"

"கனடாக்காரிக்கு" என்றார் அண்ணாச்சி.

அதைவிடப் பொருத்தமற்ற பதில் ஒன்றை அந்த நேரத்தில் யாராலும் சொல்லியிருக்க முடியாது. நான் சாட்சிக்குப் போனேன். மதினியைக் கூட்டிக்கொண்டு வாடிக்குள் நடந்து லாரிச் சக்கரத்தைக் காட்டினேன். மதினி புட்டியைத் திறந்து நட்டோடு ஒப்பிட்டு நிறம் பார்த்தாள். குனிந்து ஒவ்வொரு நட்டாக எண்ணினாள். பிறகு பின்னாலேயே வந்து நின்ற அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்து, "எனக்கு ஒரு நாளாவது வாங்கித் தந்திருக்கியளா?" என்றாள். அடுத்த வாரம் மதினியின் விரல்களிலும் அதே சிவப்பு.

மறு வருஷம் ஆயுத பூஜை வந்தது. அண்ணாச்சி ஏரல் பக்கம் சாமான் தேடிப் போய் மூன்று நாளாகியிருந்தது. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிக்கு அடித்ததுபோக அரை டப்பா சில்வர் பெயிண்ட் என்னிடம் இருந்தது. பூஜைக்கு முந்தின நாள் வாடி முதலாளி லாரியைக் கழுவிவிட்டு, "டீச்சர், வண்டி பழசாத் தெரியுதே" என்றார். நான்தான் உள்ளே போய் அந்த டப்பாவை எடுத்துவந்து கொடுத்தேன். சக்கரம் முழுக்க அடித்தார்கள். என் மகளும் பிரஷ்ஷை வாங்கி இரண்டு இழுப்பு இழுத்தாள். வெயிலில் சக்கரங்கள் வெள்ளித் தாம்பாளம்போல மின்னின. அழகாக இருக்கிறது என்று நானே சொன்னேன். சிவப்பு நட்டைப் பற்றி எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அது என் நினைவில் இல்லை.

மறுநாள் காலை வாடி நிறைய ஆட்கள். வாழைக்கன்று, பூமாலை, சக்கரங்களின் விளிம்பில் வட்டமாகச் சந்தனப் பொட்டும் குங்குமமும். பூஜை முடிந்ததும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை நகர்த்தி நசுக்குவார்கள். பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய காட்சி. ஆனால் வலது முன்சக்கரம் காற்றிறங்கிச் சப்பியிருந்தது. வழக்கமாக வருகிறவர் கடையில் பூஜை, ஆகவே ரோட்டிலிருந்து புதிதாக ஒரு பஞ்சர்க்காரரைக் கூட்டிவந்தார்கள். அவர் காற்றை நிறைய அடித்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். குமிழி வந்தது. கழற்றித்தான் ஒட்டவேண்டும் என்று ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கினார். முதலாளியும் டிரைவரும் உள்ளே சாமி படத்துக்கு முன்னால். நான் சுண்டல் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். என் மகள், யாரும் எடுத்துவிடக் கூடாது என்று தூக்கிய சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை உருட்டிவைத்துவிட்டு, சக்கரத்துக்கு நேர் எதிரே குத்தவைத்துக் காவல் இருந்தாள்.

பஞ்சர்க்காரர் ஸ்பேனரில் குழாயைச் செருகிக் கழற்ற ஆரம்பித்தார். அவர் முன்னால் இரண்டு வட்டமாக நட்டுகள், எல்லாம் ஒரே சில்வர். கைக்குத் தோதாக இருந்த வெளி வட்டத்தில் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

அப்போது அண்ணாச்சி சாக்குப் பையோடு வாடி வாசலில் வந்தார். பை கீழே விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். எதையும் சுற்றி வந்து பார்த்துவிட்டுத் தொடுகிற மனிதர், நேர்கோட்டில் ஓடிவந்தார். என் மகளின் கையை ஒற்றைக் கையால் பிடித்து இழுத்து மரத்தூள் குவியல் பக்கம் எறிந்தார். அதே வேகத்தில் பஞ்சர்க்காரரைத் தோளில் இடித்துத் தள்ளினார். ஸ்பேனர் தூரப்போய் விழுந்தது. மகள் ஒரு தடியில் உரசிக்கொண்டு விழுந்தாள். முழங்கையிலிருந்து ரத்தம்.

நான் தட்டை எறிந்துவிட்டு ஓடினேன். மகளைத் தூக்கிக்கொண்டு, "உங்களுக்கென்ன கிறுக்கா அண்ணாச்சி" என்று கேட்டேன். முதலாளி வெளியே வந்து, "என்னவே, நல்ல நாளும் அதுவுமா பிள்ளையப் பிடிச்சி எறியுதீரு" என்றார்.

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. சக்கரத்துக்கு எதிரே போகாமல் பக்கவாட்டில் குத்தவைத்து, அரைஞாணிலிருந்த ஓட்டைக் காலணாவை எடுத்து, விளிம்பில் இருந்த ஒரு நட்டைச் சுரண்டினார். சில்வர் உரிந்தது. உள்ளே சிவப்பு. மதினியின் விரலில் பார்த்த அதே சிவப்பு.

மகளோடு மரத்தூளில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் கையை நீட்டி வால்வு முள்ளை அழுத்தினார். காற்று போகத் தொடங்கியது. போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சீற்றம் அடங்க எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது, எனக்கு அது இன்னும் முழுசாக அடங்கவில்லை. அடங்கியதும் தளர்ந்திருந்த நட்டுகளை அவர் விரலால் திருகினார், சுற்றி வந்தன. இரண்டு தட்டுக்கும் நடுவே காலணாவைச் செருகிப் பார்த்தார். அது உள்ளே போயிற்று. பஞ்சர்க்காரர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உம்ம தப்பு இல்லவே" என்றார் அண்ணாச்சி அவரிடம். "ஆளு யாருன்னு தெரியாம வேசம் போட்டு நிறுத்தியிருக்காக. நீரு என்ன செய்வீரு."

பிறகு ஒரு தடியில் போய் உட்கார்ந்தார். மதினி தண்ணீர் கொண்டுவந்தாள். செம்பை அவர் கையில் கொடுக்காமல் தானே வாயில் ஊற்றினாள்.

என் மகள் அழுதுகொண்டே இருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டினாள். "எலுமிச்சம்பழம் இன்னும் நசுங்கல" என்றாள்.

அண்ணாச்சிக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. "ஏட்டி, நசுக்காம விடுவனா? பைய இரி" என்றார். அவரே சக்கரத்தைக் கழற்றி, ஒட்டவைத்து, மாட்டி முடிப்பதற்குள் நல்ல நேரம் தாண்டிவிட்டது. "இதவிட நல்ல நேரம் இன்னைக்கி வேற வராதுவே, எடும் வண்டிய" என்றார் முதலாளி. எலுமிச்சம்பழம் நசுங்கியது. மகள் முழங்கைக் கட்டோடு கைதட்டினாள்.

நான்கு நாள் கழித்துத்தான் பெயிண்ட் கொடுத்தது நான் என்று அவரிடம் சொல்ல முடிந்தது. சொல்லிவிட்டு அழுதேன்.

"பெயிண்டுதான குடுத்திய. சிவப்ப மறைக்கச் சொல்லிக் குடுக்கலையே" என்றார். பிறகு, "எனக்குத்தான் டீச்சர் வெக்கமா இருக்கு" என்றார்.

"உங்களுக்கு என்ன வெட்கம்?"

"வாசல்ல இருந்து பாத்தா வெளிம்புல இருக்கது நட்டா சந்தனப் பொட்டான்னு தெரியல. எந்த வீல மாட்டியிருக்காகன்னும் தெரியாது. ஸ்பேனரு ஓரத்துல நிக்கது ஒண்ணுதான் தெரிஞ்சது. ஒத்த அடையாளம். ரெண்டாவது பாக்காம பிள்ள மேல கைய வச்சிட்டேன். அது சாதா வீலா இருந்திருந்தா?"

"இருந்திருந்தால் முழங்கை மட்டும்தானே அண்ணாச்சி."

"இருந்தாலும்" என்றார். சமாதானம் ஆகவில்லை. அவருக்கு அது கடைசிவரை ஒரு குறைதான்.

அன்று சாயங்காலம் மதினியும் நானும் மகளும் புது நகப்பாலிஷ் புட்டியோடு வாடியில் உட்கார்ந்து ஒவ்வொரு நட்டாகச் சுரண்டிச் சிவப்பு அடித்தோம். டார்ச்சு அடித்துச் சரிபார்த்த அண்ணாச்சி, மகள் அடித்ததில் இரண்டு நட்டைத் திருப்பி அடிக்கச் சொன்னார். புட்டியில் மிச்சம் இருந்ததை அவள் விரல்களுக்கு மதினி பூசிவிட்டாள்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து எங்களுக்குப் பாளையங்கோட்டையில் வீடு கிடைத்து மாறிவிட்டோம். அண்ணாச்சியும் மதினியும் மகன் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று கேள்வி. அந்த ஊர்ப் பழைய இரும்புக் கடைக்காரர்கள் இப்போது எல்லாவற்றையும் கீழே வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த வருஷம் என் மகள் பத்தாம் வகுப்பு. என் பள்ளி, என் வகுப்பு. போன வாரம் அங்க அடையாளம் எழுதும் வேலை வந்தது. வரிசையில் அவளும் வந்து நின்றாள். கழுத்தின் வலதுபக்கம் ஒரு மச்சம் என்று முதலாவதை எழுதினேன்.

"ஒண்ணு போதாதாம்மா? பின்னால எல்லாரும் நிக்காங்க" என்றாள் மெதுவாக.

"போதாது" என்றேன். இரண்டாவது இடத்தில், இடது முழங்கையில் ஒரு தழும்பு என்று எழுதினேன்.

பக்கத்தில் இருந்த கிளார்க் எட்டிப் பார்த்தார். "மறைஞ்சி போற தழும்பா இருக்கக் கூடாது டீச்சர். பாத்து எழுதுங்க."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவளுடைய கையைத் தொடாமல், குனிந்து தலையைச் சாய்த்து அந்த முழங்கையைப் பார்த்தேன். பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் அங்கிருந்தும் பார்த்தேன். வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். "அம்மா" என்று பல்லைக் கடித்தாள். கடைசியில்தான் தொட்டேன்.

"மறையாது" என்றேன்.